பிள்ளையின் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த சேதி வந்ததும் முதல் கேள்வி "என்ன பிள்ளை?" இரண்டாவது கேள்வி "எத்தனை கிலோ?" பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் சரி, கடையம் பக்கத்தில் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, இந்த இரண்டும் காதில் விழும். மூன்று கிலோ என்றால் ஆச்சிமார் முகம் மலரும். இரண்டே கால் என்றால் குரல் கொஞ்சம் தாழும். "தேத்திக்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அடுத்த சில வாரங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லும் கோடு அது. பொருளாதார ஆய்வாளர்கள் அதே எண்ணைப் பார்த்துவிட்டு வேறு கேள்விகள் கேட்டார்கள். இந்தப் பிள்ளை எத்தனையாம் வகுப்பு வரை படிக்கும்? முப்பது வயதில் என்ன சம்பாதிக்கும்? ஐம்பது வயதில் நெஞ்சுவலி வருமா? பிறந்த அன்றைக்கே இதெல்லாம் எதற்கு என்று எனக்கும் முதலில் தோன்றியது. படிக்கப் படிக்கத்தான், கேள்வியைப் பிறந்த அன்றைக்குக் கேட்பதே தாமதம் என்று புரிந்தது.

பொருளாதாரம் என்றால் வட்டி, வரி, தங்கம் விலை என்று பழகிவிட்டோம். பிரசவ வார்டில் அவர்களுக்கு என்ன வேலை? ஒரு குடும்பத்துக்கு வயல் முதல், மாடு முதல், தையல் மெஷின் முதல். உடம்பில் இருக்கிற தெம்பும், படித்த படிப்பும், கைத்தொழிலும் அதே போல முதல்தான். அவையும் வருஷா வருஷம் பலன் தருகின்றன. இதற்கு "மனித மூலதனம்" என்று பெயர். 1960-களில் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதை விரிவாக எழுதினார்கள். பின்னாளில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் எல்லோரும் பள்ளிக்கூடத்தையும் வேலைப் பயிற்சியையும் பற்றியே பேசினார்கள். அப்புறம் ஒவ்வொரு படியாகப் பின்னால் போனார்கள். பள்ளிக்கு வருமுன் பால்வாடி. பால்வாடிக்கு முன் தாய்மடி. அதற்கும் முன் வயிற்றுக்குள் இருந்த ஒன்பது மாதம்.

பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற தாமிரபரணிக் கரை விவசாயிக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது. நாற்றங்காலில் சவலையாக நின்ற நாற்று, நடவுக்கு அப்புறம் உரம் போட்டாலும் பக்கத்து நாற்றோடு சேர்ந்து எழும்பத் திணறும். மனிதப் பிள்ளைக்கும் அப்படியா என்பதை நிரூபிப்பது மட்டும் லேசான காரியம் இல்லை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அந்த நிரூபிக்கும் வழிகளைத்தான். அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் குங்குமப்பூ வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் ஒரு வழக்கம். குங்குமப்பூ போட்ட பால் குடித்த நூறு பேர், குடிக்காத நூறு பேர் என்று எடுத்து அவர்கள் பிள்ளைகளை எடை போட்டுப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவர்களின் பிள்ளைகள் கனமாகவே இருக்கக்கூடும். உடனே குங்குமப்பூவுக்குப் பேர் வந்துவிடும். ஆனால் ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்துப் பூ வாங்குகிற வீட்டில் முட்டையும் மீனும் பழமும் தினமும் இருக்கும். அந்தப் பெண் மத்தியானம் படுத்து எழும்ப முடியும். ஸ்கேனுக்கு ஆட்டோவில் போவாள். பிள்ளைக்குக் கனம் கொடுத்தது இவற்றில் எது? பூ கூடவே வந்தது, அவ்வளவுதான். கூடவே வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு. "கர்ப்பிணிகள் இதைச் சாப்பிட்டால் பிள்ளை அறிவாளியாகும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் "யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

எடைக்கும் எதிர்காலத்துக்கும் உள்ள தொடர்பிலும் இதே சிக்கல்தான். இரண்டே கால் கிலோவில் பிறந்த பிள்ளை பின்னாளில் குறைவாகச் சம்பாதித்தால், காரணம் எடையா, அந்த வீட்டின் ஏழ்மையா? ஒரு பாதித் தாய்மாரைப் பட்டினி போட்டுப் பார்ப்போம் என்று எந்த மனிதனும் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆகவே வாழ்க்கை தானாகவே நடத்திவிட்டுப் போன சோதனைகளை ஆய்வாளர்கள் தேடினார்கள். இவற்றை "இயற்கைச் சோதனை" என்கிறார்கள்.

ஒரு வழி, இரட்டைப் பிள்ளைகள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே பத்து மாதம். ஆனால் கருப்பையில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதல் சத்துக் கிடைத்திருக்கும், ஒன்று 2.75 கிலோ, மற்றது 2.5 கிலோ. நார்வே நாட்டில் 1967 முதலான பிறப்புப் பதிவுகள் கையில் இருந்தன. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அந்த இரட்டையர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2007-ல் எழுதினார்கள். பிறந்த எடை 10 சதவீதம் கூடினால் பெரியவர்களான பின் வருமானம் ஏறக்குறைய 1 சதவீதம் கூடியிருந்தது. உயரமும் அறிவுத்திறன் மதிப்பெண்ணும்கூடக் கொஞ்சம் கூடியிருந்தன. ஒரு சதவீதம் சின்ன எண்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க மாதா மாதம் வருகிற ஒரு சதவீதம் அது. அதுவும் நார்வே போன்ற வசதியான நாட்டில், ஒரே வீட்டுக்குள்.

இன்னொரு வழி, சட்டென்று வந்து சட்டென்று போன ஒரு கெட்ட காலம். 1918-ன் விஷக்காய்ச்சல் (ஸ்பானிஷ் ஃப்ளூ) அமெரிக்காவில் அந்த வருஷக் கடைசி மாதங்களில் உச்சத்துக்கு வந்து சீக்கிரமே அடங்கியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஏழை பணக்காரர் பார்க்கவில்லை. 1919-ல் பிறந்தவர்கள் அந்தக் காய்ச்சல் நேரத்தில் வயிற்றுக்குள் இருந்தார்கள். ஒரு வருஷம் முன்னும் ஒரு வருஷம் பின்னும் பிறந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். டக்ளஸ் ஆல்மண்ட் என்ற ஆய்வாளர் 1960, 1970, 1980 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்து இந்த மூன்று கூட்டத்தையும் ஒப்பிட்டார். தாய்க்குக் காய்ச்சல் கண்டிருந்தால், பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஆண்களின் சம்பளம் 5 முதல் 9 சதவீதம் குறைந்திருந்தது. காய்ச்சல் வந்து போனது தாய்க்கு, சில நாட்கள். பள்ளிப் படிப்பு பாதித்தது, சம்பளம் குறைந்தது எல்லாம் பிள்ளைக்கு. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த யோசனையின் மூல விதை ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980-களில், வறிய பகுதிகளில் இதய நோய் ஏன் அதிகம் என்று தேடிக்கொண்டிருந்தார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் அவருக்குப் பழைய பேரேடுகள் கிடைத்தன. எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமைச் சுகாதாரப் பணியாளரின் ஏற்பாட்டில், 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும் எழுதி வைத்திருந்தார்கள். எழுபது வருஷம் கழித்து, அந்தக் குழந்தைகள் கிழவர்களாகி இறந்த பிறகு, அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதோடு பார்க்கர் அதைப் பொருத்திப் பார்த்தார். குறைந்த எடையில் பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். நம் ஊர் நர்சம்மா கையில் இருக்கிற பதிவேட்டை நான் அதிலிருந்து வேறு கண்ணோடு பார்க்கிறேன். வெயிலில் நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் எடை போட்டு எழுதுகிற அந்த எண், இன்னும் அறுபது வருஷம் கழித்தும் யாருக்கோ பேசும்.

இது வெள்ளைக்கார உடம்புக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 2.5 கிலோ அல்லது அதற்குக் கீழே பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

எடை ஓர் அடையாளம்தான், முழுக் கதை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 கடைசியில், ஜெர்மானியப் படை ஹாலந்தின் மேற்குப் பகுதிக்குப் போகிற உணவைத் தடுத்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி என்ற அளவுக்கு ரேஷன் இறங்கியது. 1945 மே மாதம் விடுதலை வரும் வரை நிலைமை தீரவில்லை. கருவின் முதல் மாதங்களில் மட்டும் பட்டினி பார்த்த பிள்ளைகள் பிறக்கும்போது நல்ல எடையோடுதான் பிறந்தார்கள். ஆனால் ஐம்பது வயதில் அவர்களிடையே இதய நோய் கூடுதலாக இருந்தது. "பிள்ளை மூணு கிலோ, இனி என்ன கவலை" என்று சொல்லிவிட முடியாது.

பஞ்சமும் கொள்ளைநோயும் பெரிய விஷயங்கள். அன்றாடச் சின்ன விஷயங்களும் இப்படித் தடம் பதிக்குமா? நாங்குநேரி டோல்கேட்டில் முன்பெல்லாம் வண்டிகள் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்பது இந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். சில்லறை கொடுத்து, ரசீது வாங்கி, ஒரு லாரி நகர்ந்தால் பின்னால் இருபது வண்டி புகை விடும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி ஈசி பாஸ் என்ற தானியங்கி முறை முன்பே வந்துவிட்டது. ஜேனட் கர்ரி, ரீட் வாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் டோல்கேட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாரை, அதே நெடுஞ்சாலை ஓரத்தில் 2 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி வசித்த தாய்மாரோடு ஒப்பிட்டார்கள். ஈசி பாஸ் வந்த பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடையே குறைமாதப் பிரசவம் 10.8 சதவீதமும், எடை குறைந்த பிறப்பு 11.8 சதவீதமும் குறைந்தன. வண்டி நின்று புகைவது குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தாய்மாருக்கு யாரும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும்போது முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வீடுகள்தான் என் கண்ணுக்கு வந்தன. மடியில் சுளகு, அதில் தூளும் இலையும். ஏழு மாத வயிற்றோடு குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள். எங்கள் தெருவில் நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. தூள் நெடி வீடு முழுக்க இருக்கும். தொட்டிலும் அதே அறையில்தான் தொங்கும்.

பீடி வீட்டில் இன்னொரு பொருளும் செலவாகிறது. நேரம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம், மாத்திரை இலவசம், ஸ்கேன்கூட இலவசம். ஆனால் பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் அரை நாள் கூலி போச்சு. பொருளாதாரத்தில் இதையும் ஒரு விலை என்றே எண்ணுவார்கள்: ஒன்றைச் செய்வதற்காக விட்டுக்கொடுத்த இன்னொன்றின் மதிப்பு. கொலம்பியா நாட்டின் காப்பித் தோட்டப் பகுதிகளை ஆராய்ந்த கிராண்ட் மில்லரும் பியதாத் உர்தினோலாவும் 2010-ல் எழுதியது பலரைத் திகைக்க வைத்தது. காப்பி விலை ஏறினால் வீட்டில் காசு புரளும், பிள்ளைகள் நன்றாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? விலை ஏறிய காலத்தில் குழந்தை இறப்பு கூடியிருந்தது. விலை ஏறியதும் எல்லோரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். தூரத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து வர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு நடக்க நேரமில்லாமல் போயிற்று. காசு வந்தது, கவனிக்கிற கை குறைந்தது. பீடிக்கு நல்ல கிராக்கி இருக்கிற மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எங்கள் தெருக்காரர்கள் இதைப் படிக்காமலே சொல்லிவிடுவார்கள்.

அரை நாள் கூலி இழப்பை ஈடுகட்டினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தச் சோதனையில் கேடு யாருக்கும் இல்லை என்பதால் குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்தே செய்ய முடிந்தது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர்களின் குழு செய்தது அது. எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18 சதவீதம். முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39 சதவீதம். இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு: பருப்பு கொடுத்த இடத்தில் ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு, கொடுக்காத முகாமில் ஆனதில் பாதிதான். கூட்டம் வந்ததால் நர்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அல்லவா!

தமிழ்நாட்டில் 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இதே தர்க்கத்தில் நிற்கிறது. மாசமாக இருக்கும் காலத்திலும் பிரசவத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போக முடியாத ஏழைப் பெண்ணின் கூலி இழப்பை ஈடுகட்டுவது. அந்த நேரத்தில் சத்தானதைச் சாப்பிட வைப்பது. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, பிறகு 18,000; அதில் 14,000 பணமாகவும், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும். பணம் தவணை தவணையாக வருவதும் காரணத்தோடுதான். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்கு அப்புறமும் நடக்க வேண்டிய கவனிப்போடு தவணைகள் கட்டப்பட்டிருக்கின்றன.

பணம் யார் கையில் வருகிறது என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் கறுப்பின முதியோருக்கு ஓய்வூதியம் பெரிய அளவில் உயர்ந்தபோது, டுஃப்லோ ஒன்றைக் கவனித்தார். வீட்டில் பாட்டிக்கு ஓய்வூதியம் வந்தால் பேத்திமார் எடையும் உயரமும் கூடின. தாத்தாவுக்கு வந்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊர் ஆச்சிமார் முந்தியில் முடிந்து வைத்த பணம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆச்சிமாரை இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். "சாப்பாட்டைக் கொஞ்சம் கொறச்சுக்கோட்டி, பிள்ளை பெருத்துட்டா பேறுகாலம் கஷ்டமாயிரும்" என்று என் மதினியிடம் எங்கள் ஆச்சி சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அன்பினால் சொன்னது, அவர் காலத்தில் பேறுகாலம் உயிர் போகிற ஆபத்து. ஆனால் இன்றைக்கு அந்த அறிவுரை கேடு செய்கிறது. 2005-06 தேசியக் கணக்கெடுப்பை வைத்து டயான் காஃபி என்ற ஆய்வாளர் கணக்கிட்டதில், கருத்தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் 42.2 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 16.5 சதவீதம்தான். கர்ப்ப காலத்தில் இந்தியப் பெண்கள் கூட்டுகிற எடையும் சராசரியாக 7 கிலோ மட்டுமே. ஆப்பிரிக்க நாடுகள் பல நம்மைவிட ஏழை. ஆகவே இது காசு மட்டும் சார்ந்தது இல்லை. வீட்டுக்கு வந்த இளைய மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுகிற வழக்கமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி சேர்த்துத் தேற்றுகிற ஊர் இது. அந்தக் கவனிப்பு கல்யாணத்துக்கு அப்புறமும் தட்டில் தொடர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பேறுகாலத்தில் தாய் இறப்பது குறைந்தால் யாருக்கு லாபம்? தாய்க்கு என்பது தெரிந்ததே. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பக்கத்து இலங்கை காட்டியது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி நம் பாட்டன்மார் பிழைக்கப் போன இலங்கையில், 1946-க்கும் 1953-க்கும் இடையே பேறுகால மரணம் மளமளவென்று குறைந்தது. சீமா ஜெயச்சந்திரன், அட்ரியானா யெராஸ்-முனே இருவரும், அது அதிகம் குறைந்த மாவட்டங்களையும் அவ்வளவாகக் குறையாத மாவட்டங்களையும் பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். ஆண் பிள்ளைக்குப் பேறுகால ஆபத்து இல்லை. ஆகவே அவன்தான் அளவுகோல். பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 4.1 சதவீதம் கூடியதும், அவர்களைப் படிக்க வைத்த ஆண்டுகள் 4 சதவீதம் கூடின. மகள் நெடுநாள் இருப்பாள் என்ற நம்பிக்கை வந்த வீடு அவளை இன்னும் கொஞ்சம் படிக்க வைத்தது. தமிழ்நாட்டில் 2018-20 கணக்கின்படி உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள்; இந்தியா முழுவதற்கும் அது 97.

கருவில் நடந்ததே தலையெழுத்து என்று இதையெல்லாம் யாரும் வாசித்துவிடக் கூடாது. எடை குறைந்து பிறந்த பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற தாய் இதைப் படித்தால், ஜமைக்காவில் நடந்ததை அவளுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1980-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், ஒரு சுகாதாரப் பணியாளர் போனார். பெரிய செலவு இல்லை. பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். வயதுக்கேற்ற உயரத்தோடு வளர்ந்த பிள்ளைகளை அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். சவலை நாற்றும் தேறும். தேற்றுகிற கை சீக்கிரம் வர வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளையிலிருந்து கருவுக்குப் போனோம், கருவிலிருந்து தாயின் தட்டுக்குப் போனோம். இன்னும் ஒரு படி பின்னால் போனவர்கள் இருக்கிறார்கள், அங்கே நம் மண் வருகிறது. 1956-ல், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எட்டயபுரம் அன்று திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்தது. பசியோடு இருக்கிற பிள்ளை பள்ளிக்கு வராது என்பதுதான் அன்றைய கவலை. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். மற்ற மாநிலங்களுக்கு அது வெவ்வேறு காலத்தில், பெரும்பாலும் 1995-க்குப் பிறகு, போய்ச் சேர்ந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் இருந்த இந்தக் கால வித்தியாசமே பின்னால் ஓர் இயற்கைச் சோதனை ஆயிற்று. 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, சின்ன வயதில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் வளர்ந்து தாயான பின், அவர்களுடைய பிள்ளைகள் எவ்வளவு உயரம் என்று பார்த்தது. உணவு கிடைத்த பெண்களின் பிள்ளைகள், கிடைக்காத பெண்களின் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் முன்னே இருந்தார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இந்த உணவோடு தொடர்புடையது என்று கணக்கிட்டார்கள். சாப்பாடு உடம்பில் மட்டும் சேரவில்லை. சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கு வந்தவள் கூடக் கொஞ்ச காலம் படித்தாள், கொஞ்சம் தாமதமாகத் தாயானாள், மாசமானதும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டயபுரத்து அண்டாவில் வெந்த சோறு, சாப்பிட்டவளைத் தாண்டி அவள் பிள்ளையின் எலும்பில் போய் நிற்கிறது. இந்த ஓர் ஆய்வுக்காகவே இந்தத் துறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதே கண்ணோடு பார்த்தால், நம் மாநிலத்தில் இன்னும் தீராத ஒரு கணக்கும் புரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே. ஆஸ்பத்திரி வாசல் வரை எல்லோரையும் கொண்டுவந்துவிட்டோம், பாதிப் பேர் ரத்தம் கம்மியோடு வருகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மாத்திரையோடு சேர்த்து டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்பது பலருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம், பத்து வருஷமாகக் குறைந்த ரத்தத்தை ஆறு மாதத்தில் நிரப்பப் பார்க்கிறோம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருவது அது.

அதனால்தான் பள்ளிக்கூடத்திலேயே வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் 2013 முதல் நடக்கிறது. என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. முதல் இரண்டு வாரம், குமட்டுகிறது என்று துப்பிவிட்டாள். சத்துணவு சாப்பிட்ட கையோடு போட்டுப் பார் என்று டீச்சர் சொன்னதிலிருந்து போட்டுக்கொள்கிறாள்.